எண்ணும் பெயரும்

மும்பை மாட்டுங்காவில் ஒரு வீட்டு ரிசீவரை வாங்கிவந்து 'ஆட்டோ பிரீசெட்' பொத்தானை அழுத்தினால், 91.1-இல் ரேடியோ சிட்டி, 93.5-இல் ரெட் எஃப்.எம்., 98.3-இல் மிர்ச்சி, 100.7-இல் ஆகாசவாணியின் எஃப்.எம். கோல்டு என்று நிலையங்கள் தாமாகவே மெமரியில் ஏறிக்கொள்ளும். மீடியம் வேவ் 720-இல் வரும் சென்னை நிலையம் ஏறாது. பல ரிசீவர்களில் இந்தத் தானியங்கித் தேடல் எஃப்.எம்.முக்கு மட்டும்தான், மீடியம் வேவை நாமே பிடித்து, நாமே சேமிக்க வேண்டும். நகரத்து எஃப்.எம்.மில் இந்திதான் ஓங்கி ஒலிக்கிறது. தமிழ் வேண்டுமென்றால் இரவில் தொலைவிலிருந்து வரும் மீடியம் வேவ்தான் வழி. அதனால் மெமரியும், ஒலிபரப்போடு சேர்ந்து வரும் பெயர் முதலிய தரவும் இங்கே ஒரு தமிழ் வீட்டுக்கு எவ்வளவு தூரம் உதவுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

தரவை முதலில் பார்ப்போம். ஆர்.டி.எஸ். என்பது 1980-களில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் வகுத்த முறை. எஃப்.எம். ஸ்டீரியோவின் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் ஒலிக்கு மும்மடங்கான 57 கிலோஹெர்ட்ஸில், வினாடிக்கு 1187.5 பிட் வேகத்தில், பாட்டுக்கு இடையூறு இல்லாமல் தகவல் வருகிறது. நிலையத்தின் அடையாள எண், எட்டு எழுத்துக்குள் அதன் பெயர், 64 எழுத்து வரை செய்தி, நேரம் எல்லாம் அதில் உண்டு. ஓடும் காருக்கு இது பெரிய வரம்: சிக்னல் மங்கினால் அதே நிலையத்தின் இன்னொரு அலைவரிசைக்குச் செட் தானாகவே தாவும். நகராத வீட்டுச் செட்டுக்கு அந்தத் தாவல் தேவையில்லை. பெயரும் பாட்டு விவரமும் கிடைக்கின்றன, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆர்.டி.எஸ். மொழிப் பட்டியலில் தமிழுக்கென்று ஒரு குறியீடு இருக்கிறது. அதன் அடிப்படை எழுத்துத் தொகுதியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

மெமரி வைத்திருப்பது வெறும் எண். அந்த எண்ணில் யார் பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆனால் மீடியம் வேவையும் எஃப்.எம்.மையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவுக்கென்று செய்த சில மாடல்களின் ஆட்டோ பிரீசெட், தரவு அனுப்பாத நிலையங்களைச் சேர்ப்பதே இல்லை. கையால் சேமிக்கும் மெமரியில் அந்தப் பாகுபாடு கிடையாது.

எண்ணிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட் மீடியம் வேவில் பத்துப் பத்தாகத் தாவும். இந்தியாவில் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். 1044-இல் இருக்கும் மும்பை நிலையத்துக்கு அந்தச் செட்டில் இடமே இல்லை, 1040 அல்லது 1050-தான். எஃப்.எம்.மிலும் 104.0 போன்ற எண்களை அது தாண்டிவிடும். சென்னையின் 720 மட்டும் இரண்டு கணக்கிலும் சரியாக விழுகிறது. செட்டின் பின்பக்கத்திலோ மெனுவிலோ இந்த இடைவெளியை மாற்றும் வசதி இருந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் சில செட்டுகளில் சேமித்தவை அழிந்துபோகும்.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நிறைய. அவர்களுக்குத் தூத்துக்குடியின் 1053 நெருக்கமான எண். ஆனால் அது உள்ளூர் 1044-க்கு அடுத்த படியிலேயே இருக்கிறது. பெட்டியோடு வரும் வளைய ஆன்டெனாவைத் திருப்பி உள்ளூர் நிலையத்தை அடக்கலாம் என்றால், மும்பை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் மாலாட் நமக்கு வடக்கு வடமேற்கு. தூத்துக்குடி தெற்கு தென்கிழக்கு. ஏறத்தாழ ஒரே கோடு. ஒன்றை அடக்கினால் மற்றதும் சேர்ந்தே அடங்கும். சென்னை இன்னும் கிழக்கே தள்ளியிருப்பதோடு 720-க்குப் பக்கத்தில் உள்ளூர் நிலையமும் இல்லாததால், அதற்கு இந்தத் தொல்லை குறைவு. எல்.இ.டி. விளக்கையும் போன் சார்ஜரையும் அணைத்துவிட்டு, ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்தால் இன்னும் நன்றாக எடுக்கும்.

டி.ஆர்.எம். டிஜிட்டல் முறை மீடியம் வேவையும் தரவையும் இணைக்கக்கூடியது. ஆகாசவாணி முப்பதுக்கும் மேற்பட்ட மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களில் அதை நிறுவியிருக்கிறது. அதில் நிலையத்தின் பெயர் யூனிகோடில், 16 குறிகள் வரை போகலாம். 'சென்னை' என்று எழுத ஆறு போதும். ஆனால் இந்த வசதி இதுவரை பெரும்பாலும் கார்களில்தான் வந்திருக்கிறது, வீட்டு ரிசீவரில் அரிது. நிலையங்கள் தமிழில் பெயர் அனுப்புவதும், அதைக் காட்டும் செட் கட்டுப்படியாகும் விலையில் கடைக்கு வருவதும் நாம் கேட்டுப் பெற வேண்டியவை.

இன்றைக்கு என் தேர்வு மெமரிதான். செம்பூர் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு, எட்டெழுத்தில் ஓடும் பெயரைவிட, ஒன்றாம் எண்ணை அழுத்தினால் சென்னை என்பது பயன்படும். ஆட்டோ பிரீசெட் ஓட்டிய பிறகு அந்த ஒன்றாம் இடத்தைக் காலி செய்து, 720-ஐக் கையால் வையுங்கள்.