முக்கொம்பு: ஊஞ்சலுக்குக் கீழே ஓடும் வரலாறு

திருவானைக்காவல்காரனைப் பிடிச்சு "உங்க ஊர் பக்கம் சுத்திப் பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேட்டா, முதல்ல கோயிலைச் சொல்வான். ரெண்டாவது, பக்கத்து ஊர் கோயிலைச் சொல்வான் (ஸ்ரீரங்கத்தைத்தான் சொல்றேன், அந்த ஊர்க்காரங்க மன்னிக்கணும்). மூணாவதா, கொஞ்சம் யோசிச்சு, "முக்கொம்பு போலாம்"பான். திருச்சியில இருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். கரூர் ரோட்டுல ஜீயபுரம் தாண்டிப் போகணும்.

அங்க என்ன இருக்கு? மர நிழல், குழந்தைகளுக்கு ஊஞ்சல் சறுக்கல், ஆத்தங்கரை, வாசல்ல சூடா மீன் வறுவல், கட்டுசோத்து மூட்டையோட குடும்பங்கள், யாரும் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு மரத்தடியில உக்கார்ந்திருக்கும் காதல் ஜோடிகள். ஆடிப்பெருக்குக்கும் காணும் பொங்கலுக்கும் போனீங்கன்னா நிக்க இடம் கிடைக்காது. எங்க அப்பா தலைமுறைக்கு அது பள்ளிக்கூடச் சுற்றுலா, எங்க தலைமுறைக்கு காலேஜ் கட் அடிச்சா போற இடம். மொத்தத்துல பூங்கா.

ஆனா அதைப் பூங்கான்னு சொல்றது, மேட்டூர் அணையைப் பூங்கான்னு சொல்ற மாதிரி. பூங்கா பின்னால ஒட்டிக்கிட்டது. உண்மையில நாம ஊஞ்சல் ஆடுறது கிட்டத்தட்ட 190 வருஷமா ஒரு டெல்டாவுக்கே தண்ணி பங்கு போட்டுக் குடுக்கிற இடத்துல. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல ஊரோட அமைப்பு. மேற்கே இருந்து ஒரே ஆறா வர்ற காவிரி, முக்கொம்புல ரெண்டா பிரியுது. தெற்கே போறது காவிரி, வடக்கே போறது கொள்ளிடம். வர்றது ஒண்ணு, போறது ரெண்டு, ஆக மூணு கொம்பு, அதான் முக்கொம்பு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தீவுலதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கு. தீவோட தலை முக்கொம்பு, வால் கல்லணை. அங்க ரெண்டு ஆறும் மறுபடி கிட்டத்தட்ட தொட்டுக்கிற மாதிரி வந்து பிரிஞ்சு போகும். நாங்க தினமும் டவுனுக்குப் போறதுக்கு ஒரு பாலம், சமயபுரம் போறதுக்கு இன்னொரு பாலம். தீவுவாசிகள்னு சொல்லிக்கிட்டா யாரும் நம்பறதில்லை :-)

இப்ப பிரச்சினைக்கு வருவோம். கொள்ளிடத்தோட படுகை காவிரியை விடத் தாழ்வு, சரிவும் அதிகம். கடலுக்குப் போற வழியும் நேர்வழி. தண்ணிக்கு நம்மள மாதிரிதான், சுலபமான ரூட்டுதான் பிடிக்கும். அதனால வருஷா வருஷம் கொள்ளிடம் பக்கம் அதிகமா போக ஆரம்பிச்சது. காவிரி பக்கம் ஓட்டம் குறையக் குறைய மணல் படிஞ்சு வாய் மேடாச்சு. மேடாக ஆக, இன்னும் தண்ணி குறைஞ்சது. இப்படியே விட்டிருந்தா கொள்ளிடம்தான் ஆறு, காவிரி வெறும் மணல் மேடுன்னு ஆகியிருக்கும். தஞ்சாவூர் வயலுக்கெல்லாம் தண்ணி குடுக்கிறது காவிரியும் அதோட கிளைகளும். கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளத்தை வாங்கிக்கிட்டு நேரா கடலுக்குக் கொண்டு போகிற ஆறு. "கொள்ளும் இடம்"னு பேருக்கு விளக்கம் சொல்றதும் அதனாலதான்.

1799-ல் தஞ்சாவூர் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துடுச்சு. 1801-ல் திருச்சியும். தண்ணி இல்லைன்னா நெல் இல்லை, நெல் இல்லைன்னா நிலவரி இல்லை. கம்பெனிக்குக் கவலை வந்தது விவசாயி மேல இருந்த பாசத்துனால இல்லைங்க, கஜானா மேல இருந்த பாசத்துனால. அந்த வேலையை எடுத்துக்கிட்டவர் ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்தவர், அதாவது இந்த வேலையில இறங்கினப்ப முப்பத்திச் சொச்சம் வயசு. (எனக்கும் முப்பது நெருங்குது. நான் இது வரைக்கும் கட்டினதெல்லாம் நாலு வெப் பேஜ்.)

காட்டன் முதல்ல போய் படிச்சது கல்லணையைத்தான். கரிகாலன் கட்டினதா நாம சொல்ற அதே அணை. ஆத்து மணல்ல கடைக்கால் போட முடியாது, தோண்டத் தோண்ட மணல்தான் வரும். அப்புறம் எப்படி ஒரு அணை நூற்றாண்டுக் கணக்கா நிக்குது? கல்லைப் போட்டா அது மணல்ல புதையும். அது மேல இன்னும் கல்லைப் போடு. ஒரு கட்டத்துல புதையறது நின்னுடும், அதுதான் அஸ்திவாரம். பாறையைத் தேடிப் போகாம மணல் மேலயே அணையை உக்கார வைக்கிற அந்த வித்தையை நம்ம ஆளுங்ககிட்ட கத்துக்கிட்டதா காட்டனே வெளிப்படையா ஒத்துக்கிட்டவர்.

1836-ல் முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டற வேலை நடந்தது. நீளம் சுமார் 685 மீட்டர். பிரம்மாண்டமான சுவர்னு கற்பனை பண்ணாதீங்க. குள்ளமான தடுப்புதான், மணல் வெளியேற அடியில மதகுகள். கதவுகள் வச்ச இப்போதைய வடிவம் எல்லாம் பின்னால வந்தது. நோக்கம் தண்ணியைத் தேக்கறது இல்லை. கொள்ளிடத்தோட வாசல்படியைக் கொஞ்சம் உசத்தி, சாதாரண நாள்ல தண்ணியைக் காவிரி பக்கம் திருப்பி விடறது, வெள்ள நாள்ல மிச்சத்தைக் கொள்ளிடத்துக்குத் தள்றது. அவ்வளவுதான். அதே காலத்துல கொள்ளிடத்துல இன்னும் கீழே, அணைக்கரையில கீழணையும் கட்டினார்.

மேலணை வேலை செஞ்சது. ரொம்ப நல்லாவே செஞ்சது! இப்ப காவிரிக்குள்ள தண்ணி வேகமா பாய்ஞ்சு அதோட படுகையை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. அதனால 1840-களில் காவிரியோட வாசல்லயும் ஒரு தடுப்பு போட வேண்டி வந்தது. ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணா இன்னொரு பக் கிளம்பும்னு நம்ம தொழில்ல சொல்றோமே, அது 180 வருஷத்துக்கு முன்னாடியே ஆத்துல நடந்திருக்கு. இங்க கத்துக்கிட்ட பாடத்தை எடுத்துக்கிட்டுப் போய்த்தான் காட்டன் 1847-லிருந்து 1852 வரை கோதாவரியில தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். ஆந்திராவில அவருக்கு ஊருக்கு ஊர் சிலை. முக்கொம்புல பெரும்பாலான ஜனங்களுக்கு அவர் பேரே தெரியாது.

1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு தண்ணி வரத்து மேலேயே கட்டுப்பாட்டுக்கு வந்தது. முக்கொம்பு மெதுவா 'பிக்னிக் ஸ்பாட்' ஆச்சு. அதே தீவுல, மேலூர் பக்கம், வனத்துறை 25 ஏக்கர்ல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒண்ணும் 2015 நவம்பர்ல திறந்தாங்க. நட்சத்திர வனம், ராசி வனம், பூச்சிகளுக்கான செடிகள்னு நல்லாவே இருக்கு. குழந்தைகளோட போக அருமையான இடம். அது இருக்கிற காட்டுக்குப் பேர் என்ன தெரியுமா? மேலணை காப்புக்காடு. பட்டாம்பூச்சி பார்க்கப் போனாலும் காட்டன் விடமாட்டேங்கிறார்.

2018-க்கு வருவோம். அந்த ஆகஸ்ட்ல கர்நாடகா, கேரளா பக்கம் பேய்மழை. மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. நான் அப்ப இன்ஜினியரிங் கடைசி வருஷம். திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைக்கிற பழைய இரும்புப் பாலம், 1928-ல் கட்டினது, முதல்ல விரிசல் விட்டு அப்புறம் அதோட தூண்கள் சரிஞ்சது. நல்லவேளை, 2016-ல் புதுப்பாலம் வந்ததுல இருந்து அதுல வண்டி போறதில்லை. புதுப்பாலத்துல நின்னு வேடிக்கை பார்த்த கூட்டத்துல நானும் அப்பாவும் இருந்தோம். அப்பா ஒண்ணுமே பேசலை. வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பாலத்துல சைக்கிள் மிதிச்சுதாண்டா வேலைக்குப் போனேன்"னு மட்டும் சொன்னார்.

அதுக்கு நாலஞ்சு நாள்லயே, ஆகஸ்ட் 22 ராத்திரி, முக்கொம்பு மேலணையில மதகுகள் இடிஞ்சு அடிச்சுக்கிட்டுப் போச்சு. கொள்ளிடத்தோட தெற்குப் பிரிவுல இருந்த 45 மதகுல மொத்தம் ஒன்பது போச்சு. ஒன்பது மதகுதானேன்னு தோணும். ஆனா மேல சொன்ன கதையை நினைச்சுப் பாருங்க. அந்த வழி திறந்து கிடந்தா தண்ணி மறுபடி கொள்ளிடத்துக்கே ஓடும், சம்பாவுக்குக் காத்திருக்கிற டெல்டா வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். ராத்திரி பகலா பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டுத்தான் அடைச்சாங்க. அப்புறம் பழைய அணைக்குச் சற்றுக் கீழே 387 கோடிச் சொச்சம் ரூபாய் திட்டத்துல புது அணை கட்டினாங்க.

ஏன் இடிஞ்சது? வயசாயிடுச்சுன்னு அரசுத் தரப்புல சொன்னாங்க. மணலை அள்ளி அள்ளி ஆத்தைப் பள்ளமாக்கினதுதான் காரணம்னு விவசாயிகள் சொன்னாங்க. என் கணக்கு இது: மணல் மேல நிக்கறதுக்குன்னே வடிவமைச்ச அணை, அது. அந்த மணல் இருக்கிற வரைக்கும்தான் அஸ்திவாரம். வயசைக் குத்தம் சொல்லணும்னா கல்லணைக்கு என்ன வயசுன்னும் கேக்கணும். 2024 ஆகஸ்ட் வெள்ளத்துல எங்க ஊர் பக்கம் கொள்ளிடத்துக்குள்ள நின்ன உயர் அழுத்த மின்கோபுரம் ஒண்ணு சாய்ஞ்சப்பவும் இதே கேள்விதான் மனசுல வந்தது.

"நான் சென்னையில இருக்கேன், எனக்கென்ன?"ன்னு நினைக்கிறவங்களுக்கு: கொள்ளிடத்துல இறங்கற தண்ணி கீழணைக்குப் போகும். அங்கிருந்து வடவாறு வழியா வீராணம் ஏரி. 'பொன்னியின் செல்வன்'ல ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வருவானே, அதே ஏரி. 2004-லிருந்து அங்கிருந்து சென்னைக்குக் குழாய்ல தண்ணி வருது. திட்ட அளவு நாளைக்கு 18 கோடி லிட்டர். ஆக, நீங்க குடிக்கிற டம்ளர்லயும் முக்கொம்பு இருக்கலாம். நான் வேலை பார்க்கிற ஆபீஸும் அங்கதான். தீவை விட்டு வந்தாலும் ஆறு விடலை.

எங்க கோயில் பஞ்சபூதத்துல நீர்த்தலம். லிங்கத்துக்கிட்ட ஊற்று கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு ஆறும் வத்திப்போன கோடையில அந்தத் தண்ணியைப் பார்க்கறப்ப கும்பிடறதா கவலைப்படறதான்னு தெரியாது.

அடுத்த முறை முக்கொம்பு போனீங்கன்னா, மீன் வறுவலை முடிச்சுட்டு அணைப்பக்கம் நடந்து போய் ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பழசையும் புதுசையும் சேர்த்துப் பாருங்க. பிள்ளைங்க கூட இருந்தா, ஆறு ஏன் இங்க ரெண்டாகுதுன்னு சொல்லிக் குடுங்க.

டிஸ்கி: தண்ணி முழங்கால் அளவுதானேன்னு இறங்காதீங்க. மணல் அள்ளின குழி மேல இருந்து பார்த்தா தெரியாது.