சிறிதாக்கப்பட்ட டர்போ எஞ்சின்கள்

எஞ்சின் சிறிதாக்கம் என்பது, காரின் ஆற்றல் குறையாதவாறு அதன் எஞ்சினின் கொள்ளளவையும் உருளைகளின் எண்ணிக்கையையும் குறைத்து, அதனால் நேரும் இழப்பை டர்போ எனப்படும் காற்றழுத்தியைக் கொண்டு ஈடுசெய்யும் வடிவமைப்பு முறையாகும். பிஸ்டன்கள் மேலிருந்து கீழே இறங்கும்போது எல்லா உருளைகளிலும் கடக்கும் மொத்த இடமே கொள்ளளவு. இது கன சென்டிமீட்டரில், அதாவது வழக்கில் சி.சி. என்று, குறிக்கப்படுகிறது. நெடுங்காலமாகக் காரின் வலிமைக்கு அடையாளமாக விளங்கிய இந்த எண், 21ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தகுதியை இழந்தது.

எஞ்சினுக்குள் பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. அதை எரிக்கப் போதுமான காற்றைப் புகுத்துவதே கடினம். சாதாரண எஞ்சின், பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் மட்டுமே மூச்சு வாங்குவதால், அது கொள்ளும் காற்றின் அளவு வளிமண்டல அழுத்தத்திற்குக் கட்டுப்பட்டது. டர்போவில், வெளியேறும் சூடான புகை ஒரு சிறு டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கிச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உருளைகளுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களில் இத்தண்டு நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடும். அழுத்தத்தால் சூடேறி அடர்த்தி இழக்கும் காற்றை இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் வழியாகச் செலுத்தித் தணிக்கிறார்கள். டர்போவுக்கான அடிப்படைக் காப்புரிமையை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905இலேயே பெற்றார்.

கொள்ளளவு குறைந்தால் எரிபொருள் மிச்சமாவதற்குக் காரணங்கள் இரண்டு. உருளைகளும் தாங்கிகளும் குறையும்போது உராய்வு குறைகிறது என்பது ஒன்று. மற்றது, பலரும் கவனிக்காதது என்றாலும் முதன்மையானது: பெட்ரோல் எஞ்சின் நகரச் சாலையில் தன் முழுத் திறனில் ஒரு சிறு பங்கையே பயன்படுத்துவதால், காற்று நுழையும் பாதையிலுள்ள திராட்டில் என்ற தடுப்பிதழ் பெரும்பாலும் மூடியே கிடக்க, பிஸ்டன்கள் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுக்கவே ஆற்றலைச் செலவிடுகின்றன. அதே வேலையைச் சிறிய எஞ்சினிடம் கொடுத்தால் அது தடுப்பிதழை அகலத் திறந்து இயங்க வேண்டியிருப்பதால் இந்த வீண்செலவு சுருங்குகிறது. சிறிதாக்கத்தின் உண்மையான ஆதாயம் இந்த மிதமான ஓட்டத்தில்தான் இருக்கிறது. டர்போ முந்திச் செல்லும்போதும் மேடேறும்போதும் துணைக்கு வருவது மட்டுமே.

தொடக்கக்கால டர்போ கார்கள் சிக்கனத்துக்காகப் பிறந்தவை அல்ல. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், எரிகலவை முன்கூட்டியே வெடித்துத் தட்டும் கோளாறைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் சுமந்தது. அந்தத் தொல்லையால் ஓராண்டுக்குப் பின் நின்றுபோனது. சுவீடனின் சாப் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் 99 டர்போ காரில் அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்த வடிவத்தைக் காட்டியது. ஆயினும் சிறிதாக்கம் வெகுசனக் கார்களுக்கு வர, பெட்ரோலை எரி அறைக்குள்ளேயே பீய்ச்சும் நேரடிச் செலுத்தல் முறை பரவ வேண்டியிருந்தது. உள்ளே ஆவியாகும் பெட்ரோல் அறையைக் குளிர்வித்துத் தட்டலைத் தள்ளிப்போடுவதால், அன்று தனித் திரவம் செய்த வேலையை எரிபொருளே செய்துவிடுகிறது.

2005இல் ஃபோக்ஸ்வேகன் 1.4 லிட்டர் எஞ்சினிலிருந்து 170 குதிரைத்திறனை எடுத்துக் காட்டியது. பின்னர் 2009இல் ஐரோப்பிய ஒன்றியம், புதிய கார்களின் சராசரிக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தை 2015க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராமாகக் குறைக்க வேண்டும் என்று சட்டமியற்றியதும், விருப்பமாக இருந்தது கட்டாயமாயிற்று. 2012இல் ஃபோர்டு வெளியிட்ட 999 சி.சி., மூன்று உருளை ஈக்கோபூஸ்ட் இக்காலத்தின் சின்னம் எனலாம். அதன் அடிக்கட்டு ஒரு ஏ4 தாளின் பரப்புக்குள் அடங்கியது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. ஓட்டுநர் மிதித்த கணத்துக்கும் டர்போ வேகம் பிடிக்கும் கணத்துக்கும் இடையிலான தாமதம், அதாவது டர்போ லாக், இலேசான சக்கரங்களால் குறைந்திருக்கிறதே அன்றி மறையவில்லை. எஞ்சினைக் கடுமையாக விரட்டும்போது டர்பைனை வெப்பத்திலிருந்து காக்க மிகையான பெட்ரோல் செலுத்தப்படுவதால் மைலேஜ் சரிகிறது; மென்மையான ஓட்டத்தையே அளந்த பழைய ஐரோப்பியச் சோதனை இதைக் காணத் தவறியது. குறைந்த சுழற்சியில் மிகுந்த சுமை ஏற்றும்போது, எண்ணெய்த் துளிகளால் கலவை பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் புதிய கோளாறு பிஸ்டனையே உடைக்க வல்லது. அதற்கென எண்ணெயின் சேர்மானத்தில் கால்சியத்தைக் குறைத்த தரங்கள் 2018 முதல் வகுக்கப்பட்டன. ஆகவே, டர்போ காரில் தயாரிப்பாளர் குறித்த எண்ணெயையே குறித்த காலத்தில் மாற்றுவது பராமரிப்பின் முதல் விதி.

எல்லை மீறிய சிறிதாக்கம் பயன்தராது என்பதை நிறுவனங்களே உணர்ந்தன. ஃபோக்ஸ்வேகன் தன் 1.4 லிட்டர் எஞ்சினுக்கு மாற்றாக 1.5 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. மாஸ்டாவோ டர்போவை நாடாமல் அமுக்க விகிதத்தை 14க்கு 1 வரை உயர்த்தும் வழியைத் தேர்ந்தது. காரின் எடைக்கும் பயணத்துக்கும் பொருந்தும் அளவே சரியான அளவு என்பதுதான் இந்த முயற்சிகள் அனைத்தும் உணர்த்திய உண்மை.

இந்தியாவில் இம்மாற்றத்தைச் செலுத்திய விசை பெரும்பாலும் வரி. 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோலாயின் 1200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். அந்த வரம்புக்குள் வலிமையைச் சேர்க்க டர்போவைவிட எளிய வழி இல்லை. சென்னையை அடுத்த மறைமலை நகரில் 2013 முதல் உருவான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் காரில் 1.0 லிட்டர் டர்போ 125 குதிரைத்திறனைத் தந்தபோது, அதே காரின் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 112ஐத்தான் தந்தது. ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் காரின் இரு எஞ்சின்களும் 999 சி.சி. கொண்டவை, இரண்டுக்கும் உருளைகள் மூன்றே. டர்போ இல்லாதது 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், டர்போ உள்ளது 100 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டரும் தருகின்றன. வரிச்சட்டத்தின் கண்ணுக்கு இவை இரண்டும் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் எனச் சரக்கு, சேவை வரி மாற்றியமைக்கப்பட்ட பின்னும், பெட்ரோல் கார்களைப் பிரிக்கும் கோடு அதே 1200 சி.சி.யிலேயே நிற்கிறது.