விநோதக் கதைகள்: முருங்கை மரத்து வேதாளம் முதல் இயந்திர நாய் வரை

பகாவ்: சென்ற பள்ளி விடுமுறையில் இங்குள்ள ஓர் உணவகத்தில் உறவுக்காரப் பையன் ஒருவனோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படிவம் படிக்கிறான். கைப்பேசியில் ஏதோ ஆங்கிலத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "அக்கா, தமிழ்ல விண்வெளிக் கதை, பேய்க் கதை, கடைசியில தூக்கிப் போடுற மாதிரி கதையெல்லாம் இருக்கா? நாங்க படிக்கிற கதையில அப்பா குடிக்கிறாரு, அம்மா அழுவுறாங்க, மகன் படிச்சுப் பெரியாளாகுறான். அவ்வளவுதான்."

சிரித்துவிட்டேன். ஆனால் தமிழியல் படித்த எனக்கே அந்த மேசையில் மூன்று நான்கு பெயர்களுக்கு மேல் சட்டென்று சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேடுகளையும் புத்தகங்களையும் புரட்டினேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் நீளமானது.

முதலில் வேதாளம். விக்கிரமாதித்தன் கதையைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை முன்பெல்லாம் இருந்திருக்க மாட்டார். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை அரசன் தோளில் சுமந்து வருகிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். கடைசிக் கேள்வி ஓர் உறவுமுறைச் சிக்கல். தாயை மகனும், மகளைத் தந்தையும் மணந்துகொண்டால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை, அதனால் பேசவில்லை. அதன் பிறகுதான் வேதாளம் உண்மையைச் சொல்கிறது: பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சந்நியாசி உன்னையே பலி கொடுக்கக் காத்திருக்கிறான் என்று. இத்தனை நேரம் பயமுறுத்திய பேய் நண்பன். வணங்கி நம்பிய சாமியார் எதிரி. காஷ்மீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் சமஸ்கிருதத்தில் தொகுத்த கதைக் கடலிலும் இந்தக் கதைகள் இருக்கின்றன. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ் இதே வேதாளத்தைப் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் படத்தோடு அறிமுகப்படுத்தியது.

திருப்பம் என்றால் என்ன?

கடைசி வரியில் யாரையாவது சாகடிப்பது திருப்பம் ஆகாது. வாசகர் தானாக நம்பிக்கொண்ட ஒன்றை, கதையில் ஏற்கெனவே இருந்த ஒரு சின்ன விவரமே தலைகீழாக்க வேண்டும். திரும்பிப் போய்ப் படித்தால் அந்த விவரம் நம் கண் முன்னேயே இருந்திருக்கும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்'. காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதம் மூன்று வரம் தரும். அதற்கு மந்திரம் போட்டவர் இந்தியாவைச் சேர்ந்த ஒரு பக்கிரி என்கிறது கதை. ஒரு வயதான தம்பதி 200 பவுன் பணம் கேட்கிறார்கள். மறுநாள் அவர்கள் மகன் வேலை செய்யும் ஆலையிலிருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிறுவனம் இழப்பீடு தருகிறது. தொகை 200 பவுன். தாய் இரண்டாவது வரத்தில் மகனைத் திருப்பிக் கேட்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளைத் திறக்க ஓடுகிறாள். எந்த உருவத்தில் வந்து நிற்கிறானோ என்று நடுங்கிய தந்தை மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கும்போது சாலையில் யாரும் இல்லை.

இந்தக் கதையில் ஆலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். செம்பனை ஆலையாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பதி லயத்து வீட்டில் இருக்கட்டும், இழப்பீடு சொக்சோவிலிருந்து வரட்டும். ஒரு சொல்லைக்கூட விளக்க வேண்டியிருக்காது.

அறிவியல் கதைக்கும் இதே இலக்கணம்தான். இந்தியாவில் அதன் தொடக்க காலக் கதை ஒன்று, நம்ப மாட்டீர்கள், ஒரு தலைமுடி எண்ணெய் நிறுவனம் நடத்திய போட்டிக்காக எழுதப்பட்டது. எழுதியவர் விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ், ஆண்டு 1896, மொழி வங்காளம். கல்கத்தாவைத் தாக்கப் போவதாக எச்சரிக்கப்பட்ட புயல் காணாமல் போகிறது. வானிலை அறிஞர்கள் குழம்புகிறார்கள். காரணம், இலங்கைக்குக் கப்பலில் போன ஒருவர் கொந்தளித்த கடலில் ஒரு புட்டித் தலை எண்ணெயை ஊற்றியிருக்கிறார். வேடிக்கைதான். ஆனால் எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பின் அலையை அடக்கும் என்பது மெய்யான அறிவியல்.

தமிழில் எழுதியவர்கள்

புதுமைப்பித்தனை (1906–1948) ஏழ்மையை எழுதியவராகவே பள்ளிகளில் அறிமுகப்படுத்துகிறோம். அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைத் தெருவுக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைக் கும்பிட்டு விழவில்லை. தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டும்படி கேட்கிறார். கடவுளிடம் ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்ற கேள்வி எழுகிறதே, அங்கேதான் புதுமைப்பித்தன் நிற்கிறார். 'காஞ்சனை' வேறு வகை. வீட்டுவேலைக்கு வந்து சேரும் ஒரு பெண்ணைப் பற்றிய அச்சம் மெல்ல மெல்ல ஏறுகிறது. அவள் யார் என்பதை ஆசிரியர் கடைசி வரை சொல்லவே இல்லை. விடை சொல்லாமல் விடுவதும் ஒரு திருப்பம்தான் என்று நான் நினைக்கிறேன். தனி வீட்டில் இரவில் படிக்க வேண்டாம்.

அடுத்து சுஜாதா (1935–2008). பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவை மேற்பார்வையிட்டவர். தமிழ் வாசகர்களுக்குக் கணினியையும் ரோபோவையும் பழக்கியவர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் வந்த 'என் இனிய இயந்திரா' நெடுங்கதை என்றாலும் இங்கே விட முடியாது. எல்லாருக்கும் அரசாங்கமே சுருக்கப் பெயர் வைக்கும் எதிர்கால இந்தியா. ஜீவா என்ற சர்வாதிகாரி. ஜீனோ என்ற இயந்திர நாய், அது புத்தகம் படிக்கும். மக்கள் அஞ்சி வணங்கும் அந்தத் தலைவன் ஓர் ஒளிப்பிம்பம் மட்டுமே என்று தெரியவரும் இடத்தை, கைப்பேசியில் போலிக் காணொளிகள் உலவும் இன்று படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவருடைய 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில், ஓய்வு பெற்ற ஒருவருக்கு மட்டும் எதிர்காலத்து மனிதன் கண்ணுக்குத் தெரிகிறான். ஊர் முதலில் அவரைப் பைத்தியம் என்கிறது, பிறகு சாமியாக்கிவிடுகிறது.

ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் பழைய அறிவுத் துறைகளிலிருந்து அறிவியல் கதை எடுத்தது. 2018இல் சிங்கப்பூரிலிருந்து தொடங்கிய 'அரூ' இணைய இதழ் இவ்வகை எழுத்துக்கென்றே வந்தது. அடுத்த ஆண்டே அறிவியல் சிறுகதைப் போட்டியும் நடத்தியது. 'கனவுருப்புனைவு' என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது அங்கேதான். உறவுக்காரப் பையனுக்கு அனுப்பிய முதல் இணைப்பும் அதுவே.

இங்கே ஏன் குறைவு?

நம் நாட்டில் ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் என்னை உறுத்துகிறது. கதைக்குப் பஞ்சமில்லாத மண் இது. சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' நடத்திய சி. கு. மகுதூம் சாயபு 1888இலேயே 'விநோத சம்பாஷணை' எழுதினார். தமிழின் முதல் சிறுகதை அதுவே என்று ஆய்வாளர் நா. கோவிந்தசாமி வாதிட்டார். பெயரில் விநோதம் இருந்தாலும் அது பேய்க் கதை அன்று. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி ஒரு தலைமுறையையே எழுத வைத்தார்கள். அதன் பிறகு வந்த நம் சிறுகதைகளுக்குத் தோட்ட வாழ்வே உரைகல்லானது. அதில் தவறில்லை, அந்தத் துன்பம் எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் போட்டி நடுவர்கள் எதிர்பார்ப்பது அது மட்டுமே என்று எழுதுபவர்கள் முடிவு கட்டியபோது, லயத்துத் திண்ணையில் சொல்லப்பட்ட முனி கதைகள் தாளுக்கு வராமலே போயின.

மலாய்க்காரர்கள் விடவில்லை. 1980களில் தொடராக வந்த தமார் ஜாலிசின் 'பெர்ச்சாகாப் டெங்கான் ஜின்' கதைகளை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, மலாய்த் திரையில் பேயை நிலைநிறுத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு. மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' (1957) படத்தை இயக்கியவர் கேரளத்தில் பிறந்த பி. என். ராவ். அடுத்த ஆண்டு 'ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன்.

அண்மைக் காலத்தில் மாற்றம் தெரிகிறது. கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற மர்ம நாவல்களைச் சிறுவர்களுக்காக எழுதுகிறார். ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) நாட்டார் தெய்வத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது தனிக் கதை.

பகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் காலத்தில், 1943 இறுதியில், சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களை இங்கே குடியேற்றினார்கள். குடியேற்றத்துக்கு 'ஃபூஜி கோ' என்று பெயர். அழகிய கிராமம் என்று பொருள். உணவுக்குக் கவலையில்லை, சொந்தமாகப் பயிர் செய்யலாம் என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள் காட்டிலும் மலேரியாவிலும் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களை அழைத்துவந்த ஆயர் தெவால்ஸ், மண்வெட்டியால் ஏற்பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார். அழகிய கிராமம் என்ற பெயரே இந்த வரலாற்றின் திருப்பம். தமிழில் இதை யாரும் கதையாக்கி நான் படித்ததில்லை.

என் பாட்டி சொன்ன கதை ஒன்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனால், இரண்டு நிரை தள்ளி இன்னொரு விளக்கு நகர்ந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அஞ்சலைதான் என்று இவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெட்டுவார். பதில் வராது, கத்தி சீவும் சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் பால் எடுக்கும் நேரத்தில் பார்த்தால், அந்த நிரையில் மங்கெல்லாம் நிரம்பியிருக்கிறது, ஆளைக் காணோம். அஞ்சலை அன்று காய்ச்சலில் பெரட்டுக்கே வரவில்லை. பாட்டி பயத்தோடு அந்தப் பாலையும் காண்டா வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு ஆத்தா, யார் அது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்போம்.

"யாருன்னு எனக்கென்னாடி தெரியும்?" என்பார் பாட்டி. "நெறுத்த கிராணி, இது உன் நிரை இல்லைன்னுட்டு அந்தப் பாலை எனக்கும் எழுதல, அஞ்சலைக்கும் எழுதல. பேய் வெட்டுன பாலும் தொரைக்குத்தான் போச்சு."

பாட்டி காலமாகிவிட்டார். அந்த லயத்தை உடைத்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். கதையை இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.