ஆய்வுக்கூடப் பிளாஸ்மா தாரைகள்

ஆய்வுக்கூடப் பிளாஸ்மா தாரைகள் என்பன, இளம் விண்மீன்களின் இரு முனைகளிலிருந்தும் பீறிடும் தாரைகளையும் அவற்றில் எழும் அதிர்ச்சி அலைகளையும் ஆராய்வதற்காகச் செயற்கையாக உருவாக்கப்படும் அதிவேகப் பிளாஸ்மா ஓட்டங்கள் ஆகும். விண்மீன் தாரைகள் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஒளியாண்டு அளவிலான தொலைவுக்கும் அதிகம் விரியாமல் செல்கின்றன. அவற்றைக் குறுகலாக வைத்திருப்பது காந்தப்புலமா, வேறு காரணமா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி.

அளவு ஒப்புமை

சில சென்டிமீட்டர் நீளமும் சில நூறு நானோநொடி ஆயுளும் கொண்ட தாரை, விண்மீன் தாரைக்கு எவ்வாறு ஒப்பாகும்? திமித்ரி ரியூட்டோவும் பிறரும் 1999, 2000 ஆம் ஆண்டுகளில் இதற்கான நிபந்தனைகளை வகுத்தனர். பாகுநிலை, வெப்பக்கடத்தல், மின்தடை ஆகியவற்றின் விளைவுகள் மிகச் சிறியனவாக இருந்து, வேகம், அழுத்தம், அடர்த்தி, காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு அமையும் பரிமாணமற்ற எண்கள் ஒத்திருந்தால், இரு ஓட்டங்களும் ஒரே விதமாக வளரும். ஆய்வுக்கூடப் பிளாஸ்மாவின் மின்தடை விண்வெளியில் உள்ளது போல அவ்வளவு எளிதாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒப்புமையின் பலவீனமான இடம் இதுவே.

மாக்பை சோதனைகள்

இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலுள்ள மாக்பை மின்துடிப்புப் பொறி, ஏறத்தாழ கால் மைக்ரோநொடியில் பத்து இலட்சம் ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை உயர்த்தக்கூடியது. செர்கெய் லெபெதேவ் குழுவினர் 2002 இல் வெளியிட்ட சோதனையில், கூம்பு வடிவில் அடுக்கிய மெல்லிய உலோகக் கம்பிகளில் இம்மின்னோட்டம் செலுத்தப்பட்டது. கம்பிகளிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா, கூம்பின் அச்சில் சாய்வாக மோதி அதிர்ச்சியை உண்டாக்கி, அச்சின் வழியே தாரையாக வெளியேறியது. அலுமினியத் தாரை விரிந்தது. டங்ஸ்டன் தாரையோ மிகக் குறுகலாக இருந்தது. அணுவெண் கூடிய தனிமம் கதிர்வீச்சால் விரைவாகக் குளிர்வதே காரணம். அதாவது, தாரை குறுகுவதற்குக் காந்தப்புலம் கட்டாயமன்று.

2005 இல் வெளியான அடுத்த சோதனையில் கம்பிகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல அமைக்கப்பட்டன. இங்கு வளையக் காந்தப்புலத்தின் அழுத்தம் ஒரு குமிழியை ஊதிப் பெருக்கி, நடுவிலுள்ள பிளாஸ்மாவைத் தாரையாக இறுக்கியது. அத்தாரை நெளிந்து துண்டுபட்டது. எனினும் அத்துண்டுகள் சிதறிவிடாமல் முன்னேறின. விண்மீன் தாரைகளில் காணப்படும் முடிச்சுகளுக்கு இது ஒரு சாத்தியமான விளக்கம்.

சீரொளிச் சோதனை

பிரான்சின் லூலி ஆய்வகத்தில் நடத்தி 2014 இல் வெளியிட்ட சோதனையில், சீரொளியால் (லேசர்) எழுப்பிய பிளாஸ்மா 20 டெஸ்லா காந்தப்புலத்தின் திசையிலேயே செலுத்தப்பட்டது. விரிந்த பிளாஸ்மாவைப் புலம் தடுத்து அச்சை நோக்கித் திருப்ப, அங்கு இடம் பெயராத கூம்பு அதிர்ச்சி உருவாகி, அதிலிருந்து நீண்ட தாரை கிளம்பியது. சில இளம் விண்மீன்களின் அருகே, தாரையின் அடியில் நகராமல் நிற்கும் எக்சு-கதிர் மூலங்கள் இத்தகைய அதிர்ச்சிகளாக இருக்கலாம் என அக்குழுவினர் கருதினர்.