வரைபடமும் விலையும்: சண்டிகரும் பேலாப்பூரும்

1950களின் தொடக்கத்தில் சண்டிகரின் அரசு ஊழியர் குடியிருப்புகளை மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, பியர் ஜான்னரே ஆகிய மூவரும் வரைந்தனர். (லெ கொர்பூசியேவின் நகரம் என்று அறியப்படும் அவ்வூரில் இவ்வீடுகள் அவர் வரைந்தவை அல்ல.) வரைபடத்துக்கு முன்பே செலவு வரம்பு வந்துவிட்டது. உயர் அலுவலர் முதல் கடைநிலை ஊழியர் வரை 13 வகை வீடுகள். ஒவ்வொரு வகைக்கும் பதவியை ஒட்டி ஒரு தொகை. மலிவானது என்பதால் செங்கல் தேர்ந்தெடுக்கப்பட்டது. கண்ணாடி விலை மிகுந்தது என்பதால் சாளரங்கள் சுருங்கின. ஆயினும் கடைசி வகை வீட்டிலும் இரண்டு அறைகள், சமையலறை, குளியலறை, கழிப்பறை, முற்றம் ஆகியவை இடம்பெற்றன. இதுவே அத்திட்டத்தின் பெருஞ்சாதனை. ஆனால் வீட்டின் விலையைப் போலவே அதன் நிலப்பரப்பும் பதவியைப் பின்தொடர்ந்தது.

சார்லஸ் கொரியா 1983-86 காலத்தில் நவி மும்பையின் பேலாப்பூரில், சிட்கோ எனும் நகர வளர்ச்சிக் கழகத்துக்காக அமைத்த குடியிருப்பு இத்தொடர்பை அறுக்க முயன்றது. அங்கு வீடுகளின் விலை 20,000 ரூபாயில் தொடங்கி 1,80,000 ரூபாய் வரை சென்றது. ஒன்பது மடங்கு வேறுபாடு. மனைகளோ 45 முதல் 75 சதுர மீட்டர். இரு மடங்கு வேறுபாடுகூட இல்லை. ஆகவே விலை வேறுபாட்டின் பெரும்பகுதி கட்டடத்தில் இருந்தது, நிலத்தில் அன்று. ஏழு வீடுகள் எட்டு மீட்டர்ச் சதுரமான ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நின்றன. அண்டை வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. கையில் பணம் சேரும்போது ஒரு கொத்தனாரை வைத்து அறையொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 

வீட்டு வடிவங்களின் விலையை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் கட்டிமுடித்த நாளின் செலவோடு நின்றுவிடுகின்றன. பேலாப்பூரில் அதன் பிறகு நடந்ததே முக்கியம். நகரம் வளர, நிலத்தின் விலை ஏறிற்று. அதன் முன்னே கட்டடத்தின் விலை அற்பமாயிற்று. ஓட்டுக்கூரை வீடுகள் பல இடிக்கப்பட்டு, அதே சிறு மனைகளில் பல தளக் கட்டடங்கள் எழுந்தன. இதனை வடிவமைப்பின் தோல்வி என்பது பொருந்தாது. எளியவர் அறை சேர்ப்பதற்காக விடப்பட்ட அந்தத் தனிச்சுவரே, அண்டை வீட்டுக்குச் சேதமின்றி முழு வீட்டையும் இடிக்க வழி தந்தது.