வண்டித் தடம் தேடிய பொறியாளர்

1843-ல் அமெரிக்காவில், மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் பக்கமிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் மாட்டு வண்டி கட்டி ஓரிகனுக்குக் கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். சுமார் 3,200 கி.மீ. தூரம். 1869-ல் கண்டத்தைக் கடக்கும் ரயில் வந்ததும் வண்டிகள் குறைந்தன. தடத்தின் மேல் ஏர் ஓடியது, புல் முளைத்தது, பல இடங்களில் தார்ச்சாலையே விழுந்தது. வண்டி போன இடம் எது என்று இன்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பொறியாளரின் கண் வேண்டும் என்பது என் கட்சி. பாரம் ஏற்றிய வண்டி மலைச்சரிவில் பக்கவாட்டாகப் போனால் குடை சாய்ந்துவிடும். ஆகவே வண்டிக்காரர்கள் சரிவைச் சுற்றி வளைக்காமல், முகட்டைப் பிடித்து நேராக ஏறினார்கள்; இறங்கியதும் நேராகத்தான். ஓரிகனின் லாரல் ஹில்லில் வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி, அதை மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினார்கள். சரிவின் கணக்கு தெரியாதவர், பிற்காலத்தில் வளைத்துப் போட்ட சாலையைப் பார்த்துவிட்டு இதுதான் பழைய தடம் என்பார்.

காகிதச் சாட்சியும் உண்டு. அரசு நில அளவையாளர்கள் மைலுக்கு ஒரு கோடு என நடந்து அளந்தபோது, வண்டிப்பாதை குறுக்கிட்ட இடத்தை, கோட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை சங்கிலி தூரம் என்று குறித்து வைத்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி. அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினால் தடம் எங்கே போயிருக்கும் என்று தெரிந்துவிடும். வயோமிங்கின் கெர்ன்சி அருகே அந்தச் சிரமமே இல்லை. மணற்பாறையில் சக்கரங்கள் அறுத்த பள்ளம் சில இடங்களில் 5 அடி ஆழம் இருக்கிறது.

ஆப்ரி ஹெய்ன்ஸ் இப்படிப்பட்ட கண் உடையவர். வனவியல் படித்தவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவப் பொறியியல் பிரிவில் இருந்தவர், பிறகு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உதவிப் பொறியாளர். அங்கேயே பூங்காவின் முதல் வரலாற்றாசிரியரும் ஆனார். ஓரிகன் பாதையின் வரலாற்று இடங்களை ஒவ்வொன்றாக விவரிக்கும் அவருடைய நூல் 1981-ல் வந்தது.

அவரை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம், குடியேறிகளின் தடத்தோடு அவர் நின்றுவிடவில்லை என்பது. ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் காட்டெருமை அற்றுப்போனபின், வேட்டைக்காக யெல்லோஸ்டோனைக் கடந்து கிழக்கே போன பானக் பழங்குடியினரின் பாதையைப் பற்றியும் 1964-ல் தனி நூல் எழுதினார். ஓரிகன் பாதையின் பல பகுதிகளும் முதலில் பழங்குடிகள் நடந்த வழிகளே. அந்தப் பானக் பாதையை அடுத்த வாரம் பார்ப்போம்.