செம்பனையும் வண்டும்: சிலாங்கூர்த் தோட்டங்களில் மறைந்த வேலைகள்

பத்துமலைத் தைப்பூசத்திற்குச் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து திரண்டுவந்த தொழிலாளரின் வரலாற்றைக் கூலிப் போராட்டங்களின் வழியாகவே நாம் பெரிதும் எழுதி வந்துள்ளோம். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் அவற்றுள் தலையாயது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்ட அவர்கள், அதிகாரிகளைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கோரினர். கூலி குறைந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. வேலையின் தேவையே இல்லாமற் போனால் யாரிடம் கேட்பது? இவ்வினா நம் ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை.

முதல் மாற்றம் மரத்திலேயே நிகழ்ந்தது. 1925இல் நிறுவப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பத்துமலைக்கு மேற்கே சுங்கை பூலோவில் சோதனை நிலையம் அமைத்து, மிகுபலன் தரும் ஒட்டுக்கன்றுகளை உருவாக்கியது. பழைய விதைக்கன்று மரங்கள் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 பவுண்டு இரப்பர் தந்தன. புதியவை அதன் இரு மடங்கிற்கும் மேல் தந்தன. இங்கு வேலை குறையவில்லை. கூடுதல் பாலில் வெட்டுபவரின் பங்கு எவ்வளவு என்பதே வழக்காயிற்று. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேசிப் பெற்ற ஒப்பந்தங்களில் கூலி, இரப்பரின் விலையோடும் எடையோடும் பிணைக்கப்பட்டது.

செம்பனை வந்தபோது நிலை மாறியது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர்த் தென்னமாரத்தில் நடப்பட்டதாயினும், இரப்பரை அழித்துச் செம்பனை நடுவது 1960களுக்குப் பின்னரே பெருகியது. அதே பரப்பிற்குக் குறைந்த ஆட்களே போதும். மேலும், இரப்பர்க் காட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரை வெட்டினர். செம்பனைக் குலை வெட்டுவதோ ஆடவர் வேலையாயிற்று. உதிரிப்பழம் பொறுக்குதல், களைக்கொல்லி தெளித்தல் போன்றவை பெண்களுக்கு எஞ்சின. ஒப்பந்தத்திலுள்ள கூலி விகிதத்தை மட்டும் நோக்குவோர் குடும்ப வருவாயில் ஏற்பட்ட இவ்விழப்பைக் காணத் தவறுவர்.

பெண்களுக்கிருந்த மற்றொரு வேலை, பூக்களில் மகரந்தத் தூளைக் கையால் தூவுவது. ஆப்பிரிக்காவில் இதனை ஒருவகைக் கூன்வண்டு செய்கிறது. மலேசியாவில் அவ்வண்டு இல்லை. பூச்சியியலாளர் ரகுமான் சையத்தின் ஆய்வைத் தொடர்ந்து, 1981இல் கெமரூனிலிருந்து கொணரப்பட்ட அவ்வண்டு ஜொகூரில் விடப்பட்டு விரைவில் தீபகற்பம் எங்கும் பரவியது. விளைச்சல் உயர்ந்தது. மகரந்தம் தூவும் அணிகளுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. இயந்திரம் வந்திருந்தால் அதனை எதிர்த்துக் கொடி பிடித்திருக்கலாம். வண்டிற்கு எதிராக எந்தச் சங்கம் பேச முடியும்?

மாறாக, உயர்ந்த மரங்களில் குலை வெட்டும் கடின வேலை இன்றும் பெரும்பாலும் மனிதக் கையையே நம்பியுள்ளது. அந்த வேலையை இப்போது இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் செய்கின்றனர். குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தவரை, அதற்குரிய இயந்திரத்தைத் தேடும் அவசரம் தோட்ட நிருவாகங்களுக்கு எழவில்லை என்றே நாம் கருதுகிறோம்.